எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது மசாலாவைப் பற்றி. மொட்டைமாடியில் புதிதாக வாங்கிய கரி அடுப்பில் எட்டுப் பேருக்குக் கிரேக்க சூவ்லாக்கி, அதாவது கம்பியில் கோத்துச் சுடும் கறி, செய்து பார்த்திருக்கிறீர்கள். ஒன்றரைக் கிலோ கோழி நெஞ்சுக்கறியை எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து முதல் நாள் இரவே ஊறவைத்தீர்கள். மறுநாள் துண்டுகள் வெளியே கருகி, உள்ளே வேகாமல், வெந்த இடமெல்லாம் நனைந்த சாக்பீஸ் போல இருந்தன. கூடவே போட்ட முழு மீன், தோலைக் கம்பியிலேயே விட்டுவிட்டு வந்தது. எந்தப் பொருள் குறைந்தது, எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கலாமா, கரியில் சுட்டால் புற்றுநோய் வருமா, மழை நாளில் வீட்டுக்குள் வைத்துச் செய்யலாமா என்று மூன்று துணைக் கேள்விகளும் போட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் சிக்கல் பெரும்பாலும் நெருப்பில் இருக்கிறது, பாத்திரத்தில் கொஞ்சம்தான். பொருள் எதுவும் குறையவில்லை. ஒன்றிரண்டு கூடிவிட்டன, அதுவும் முந்திக்கொண்டு வந்துவிட்டன.

நான் சைப்ரஸில் லிமசோல் நகரத்துக்கு வெளியே ஒரு டவெர்னாவில், அதாவது சிறிய சாப்பாட்டுக் கடையில், ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தவன். முதல் இரண்டு ஆண்டுகள் பாத்திரமும் வெங்காயமும். மீதி ஐந்தும் கரி அடுப்பு. ஆகவே என் கை பழகியது கிழக்கு மத்தியதரைக் கடல் ஓரத்துச் சமையல்: சைப்ரஸ், கிரேக்கம், கொஞ்சம் துருக்கி, கொஞ்சம் லெபனான். ஸ்பெயின், இத்தாலி பற்றி நான் சொன்னால் அது சாப்பிட்டு அறிந்தது, சமைத்து அறிந்ததல்ல. கேஸில் எரியும் கிரில்லும் எனக்கு அதிகம் பழக்கமில்லை. கீழே வருவதெல்லாம் கரிக்குத்தான்.

ஊறவைப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். எலுமிச்சைச் சாறு கறியை மிருதுவாக்கும் என்பது பாதி உண்மை. புளிப்பு பட்ட இடத்தில் புரதம் சுருண்டு வெளுக்கிறது, நெருப்பு இல்லாமலே வெந்தது போல ஆகிறது. ஒரு கோழித் துண்டை எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்துக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கரை இருக்கும். அதற்கு உள்ளே பச்சைக் கறி அப்படியே இருக்கும். இரவு முழுக்க விட்டால் அந்தக் கரை மாவாகி, தன்னிடம் இருந்த நீரை விட்டுவிடும். அதை நெருப்பில் வைத்தால் உங்கள் சாக்பீஸ் தயார். பூண்டும் மூலிகையும் எண்ணெயும் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் நிற்கும். ஆழமாக உள்ளே போவது உப்பு. அதனால் கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் உப்பை, அதாவது தட்டையாக இரண்டு டீஸ்பூன் தூளுப்பை, இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பிசறிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். முதல் நாள் இரவே வேண்டுமென்றாலும் உப்பு மட்டும் போடலாம், கெட்டுப்போகாது. சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொஞ்சம் எண்ணெய், காய்ந்த ஓரிகானோ. அவ்வளவுதான்.

"லெபனான்காரர்கள் எலுமிச்சையும் பூண்டும் போட்டு ஊறவைக்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். ஷிஷ் தவூக் அப்படித்தான் செய்கிறார்கள். துருக்கி மொழியில் ஷிஷ் என்றால் கம்பி, தவூக் என்றால் கோழி. ஆனால் பல சமையலறைகளில் அதில் தயிரும் சேரும். தயிரின் புளிப்பு மெதுவாக வேலை செய்வது, இரவு முழுக்கத் தாங்கும். எலுமிச்சை மட்டும் என்றால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். துருக்கியர்கள் பலர் வெங்காயத்தைத் துருவிப் பிழிந்த சாற்றில் ஊறவைப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. சக்கை கம்பியில் ஒட்டிக் கருகாது, சாற்றின் இனிப்பு மட்டும் மேலே நின்று நிறம் கொடுக்கும்.

இங்கே நம் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வறுவலோ தந்தூரியோ, நமக்குச் சுவை என்பது நெருப்புக்கு முன்னால் பூசுவது. மிளகாய், மல்லி, இஞ்சி பூண்டு விழுது எல்லாம் கறியோடு சேர்ந்து வெந்தாக வேண்டும். அங்கே சுவையில் பாதி நெருப்புக்குப் பின்னால் வருகிறது. உப்பும் ஓரிகானோவும் மட்டும் கண்ட கறி தணலிலிருந்து இறங்கியதும் அதன் மேல் எலுமிச்சை பிழிகிறார்கள், சூடாக்காத ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள், வெங்காயமும் பார்ஸ்லியும் தூவுகிறார்கள், பக்கத்தில் தயிர் வைக்கிறார்கள். கிரேக்கர்கள் லாதோலெமோனோ என்று சொல்வது மூன்று பங்கு ஆலிவ் எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, ஓரிகானோ. ஒரு பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்கினால் பால் போலத் திரண்டு நிற்கும். சூடான கறியில் அதை ஊற்றும்போது எழும் மணத்துக்கு எந்த ஊறவைத்தலும் ஈடாகாது. நெருப்புக்கு முன்னால் பூசிய பூண்டும் மிளகாய்த்தூளும் கறி வேகும் முன்பே கருகிக் கசக்கும். உங்கள் தட்டில் இருந்த கறுப்பில் பெரும்பகுதி கறியே அல்ல, மசாலா.

ஓரிகானோ வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்சாவுக்கென்று விற்கும் சிலவற்றில் உப்பும் மிளகாயும் கலந்திருக்கும். நல்லது கிடைக்காதபோது கற்பூரவல்லி இலையைப் பொடியாக நறுக்கி அந்த எலுமிச்சை, எண்ணெய்க் கலவையில் போட்டிருக்கிறேன். இரண்டு செடிகளின் மணத்துக்கும் காரணமான எண்ணெய்கள் நெருங்கிய உறவு, அதனால் பொருந்துகிறது. ஆனால் பச்சை இலையை நெருப்பில் காட்டாதீர்கள், துவர்க்கும்.

இனி நெருப்பு. டவெர்னாவில் எனக்குக் கரி அடுப்பைப் பழக்கிய பெரியவர் முதல் மாதம் என்னைக் கறியைத் தொடவே விடவில்லை. காலையில் கரியைக் கொட்டி மூட்டுவேன். அவர் வந்து கம்பிக்கு ஒரு கையளவு மேலே உள்ளங்கையை நீட்டி, கிரேக்கத்தில் மெதுவாக எண்ணுவார்: ஏனா, தியோ, த்ரியா. மூன்றில் கையை இழுத்தால் சூவ்லாக்கிக்கு ஆயிற்று. ஐந்தாறு வரை தாங்கினால் எலும்போடு கூடிய கோழி. எட்டைத் தாண்டினால் கத்தரிக்காயை வைத்துவிட்டு இன்னும் கரி கொண்டுவா என்பார். இன்றும் எனக்கு வெப்பமானி அதுதான். நீங்கள் செய்ததை ஊகிக்கிறேன்: கரி பற்றிச் சிவப்பாகச் சுடர்விட்டதும் கறியை அடுக்கியிருப்பீர்கள், அடுப்பு முழுக்கக் கரியைப் பரப்பியும் இருப்பீர்கள். சுடர் இருக்கும்வரை அடுப்பு தயாராகவில்லை என்று பொருள். கங்குகளின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்து, உள்ளே மட்டும் சிவப்பு தெரிய வேண்டும். அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். பிறகு கரி முழுவதையும் அடுப்பின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். கறி தணலின் மேல் நிறம் பிடிக்கும், காலிப் பக்கத்தில் வேகும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல்தான் பறந்து கறியில் ஒட்டும். கம்பியைக் காலிப் பக்கத்துக்கு நகர்த்தினால் போதும்.

காற்றும் முக்கியம். சாந்தோரினித் தீவில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் புதைந்து கிடந்த அக்ரோத்திரி ஊரில் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய கம்பி தாங்கிகள் கிடைத்திருக்கின்றன. இணை இணையாக இருக்கும் அவற்றின் மேல் விளிம்பில் கம்பிகள் உட்காரப் பள்ளங்கள், அடியில் கரிக்குக் காற்றுப் போக வரிசையாகத் துளைகள். இன்றைய அடுப்பிலும் அடியில் ஒரு காற்றுத் திறப்பு இருக்கிறது. அதைத் திறந்தால் சூடு கூடும், மூடினால் தணியும். சாம்பல் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால் எவ்வளவு விசிறினாலும் பயனில்லை.

கரி எது? நம்மூரில் விற்கும் கரியில் நிறைய ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி. சூடும் நின்று எரிவதும் நன்றாகவே இருக்கும். சரியாக வேகாத கட்டைகள் நடுவில் கிடக்கும். கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் அதுதான் காரணம், இடுக்கியால் எடுத்து எறிந்துவிடுங்கள். சிரட்டைக் கரி இன்னும் சீரானது, புகையும் குறைவு. மண்ணெண்ணெய் ஊற்றி மட்டும் பற்றவைக்காதீர்கள், அந்த வாடை கடைசித் துண்டுவரை போகாது. இரண்டு பக்கமும் திறந்த ஒரு தகர டப்பாவில் கரியை நிரப்பி, அடியில் காகிதம் கொளுத்தினால் தானாகப் பற்றும்.

நெஞ்சுக்கறியை விட்டு எலும்பில்லாத தொடைக்கறிக்கு மாறுங்கள். தொடையில் கொழுப்பு இருப்பதால் இரண்டு நிமிடம் கூடினாலும் மன்னிக்கும், நெஞ்சு மன்னிக்காது. மூன்று சென்டிமீட்டர் துண்டுகள், எல்லாம் ஒரே அளவு. பெரிதும் சிறிதும் ஒரே கம்பியில் இருந்தால் பாதி கருகும், பாதி வேகாது. உங்களுக்கு நடந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். உருண்டைக் கம்பியைவிடத் தட்டைக் கம்பி நல்லது, திருப்பும்போது கறி சுழலாது. மூங்கில் குச்சியைத் தண்ணீரில் ஊறவைப்பது எவ்வளவு உதவும் என்பதில் சமையல்காரர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஊறவைத்தும் என் குச்சிகளின் முனை கருகியதுண்டு. முனைகள் தணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பதுதான் நம்பகமான வழி. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். குத்திப் பார்க்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். ஐந்து ஆண்டுகள் நின்ற நானே எட்டுப் பேருக்குச் செய்யும்போது குத்திப் பார்க்கிறேன்.

ஆட்டுக்கறி செய்ய நினைத்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே கம்பியில் ஏறுவது பெரும்பாலும் பன்றி, கோழி அல்லது செம்மறிக் குட்டி. நாம் மட்டன் என்று வாங்குவது பல ஊர்களில் வெள்ளாடு. கொழுப்புக் குறைவு, நார் கெட்டி. முற்றிய ஆடாக இருந்தால் எதில் ஊறவைத்தாலும் பத்து நிமிடத் தணலில் மெல்ல வராது. இளங்கிடாவின் சந்துக்கறி கிடைத்தால் செய்யுங்கள், இல்லையேல் கொத்துக்கறிக்குப் போய்விடுங்கள். கடைக்காரரிடம் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்புச் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். உப்பு, நன்றாகப் பிழிந்த வெங்காயம், பார்ஸ்லி அல்லது மல்லித்தழை சேர்த்துக் கையில் ஒட்டும்வரை பிசைய வேண்டும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தால் விழாமல் தொங்க வேண்டும், அதுதான் பதம். பிறகு ஒரு மணி நேரம் குளிரவைத்து, நனைந்த கையால் தட்டைக் கம்பியில் மெல்லியதாகப் பிடித்துவிடுங்கள். பிசைதல் போதாமல் இருந்தால்தான் கபாப் கம்பியை விட்டுத் தணலில் விழும். முட்டையும் ரொட்டித்தூளும் சேர்த்து அதைச் சரிக்கட்டுவது எனக்கு ஏற்பில்லை.

மீன் ஒட்டியதற்குக் காரணம் ஈரமும் அவசரமும். அங்கே முழுதாகச் சுடுவது சிப்பூரா, லவ்ராக்கி என்ற மீன்கள். இங்கே சங்கராவும் சிறிய கொடுவாவும் அந்த வேலைக்குப் பொருந்தும். மத்தி என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்பெயினில் மலகா கடற்கரையில் மத்தி வகை மீன்களை நாணல் குச்சியில் கோத்து மணலில் நட்டு, விறகுத் தணலின் பக்கவாட்டுச் சூட்டிலேயே வாட்டுகிறார்கள். எஸ்பெத்தோ என்று பெயர். கம்பி வலையே இல்லை, ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது! வலையில் சுடுகிற நமக்கு நான்கு விதி: மீனின் தோலைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தமாக்கி நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெயை மீனுக்குத் தடவுங்கள். வைத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். தோல் காய்ந்து மொறுமொறுப்பானதும் அதுவே வலையை விடும். இடுக்கியால் லேசாகத் தூக்கும்போது எதிர்த்தால் இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். சட்டத்துக்குள் மீனை வைத்து மூடித் திருப்பும் கைப்பிடி வலை கிடைத்தால் வாங்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. டவெர்னாவிலும் அதைத்தான் வைத்திருந்தோம்.

சைப்ரஸ்காரன் போலப் பேசிக்கொண்டு ஹலூமியைச் சொல்லாமல் விட முடியாது. நெருப்பில் உருகாத சீஸ் அது. உறைந்த கட்டிகளை அதன் மோர்நீரிலேயே மீண்டும் கொதிக்க வைத்து எடுப்பதால் அதன் கட்டமைப்பு இறுகிவிடுகிறது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைச் சைப்ரஸுக்கே உரியதாகப் பதிவு செய்தது. ஒரு விரல் கனத்தில் நறுக்கி, எண்ணெய் இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். ஆறினால் செருப்புத் தோல்தான், அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு வையுங்கள். நம் பனீர் உருகாது, ஆனால் உப்பும் இல்லை, நெருப்பில் சீக்கிரம் வறண்டும் போகும். உப்பு நீரில் சில மணி நேரம் கிடந்த பனீர் ஓரளவு ஈடுகொடுக்கும், ஹலூமி ஆகிவிடாது.

ஆலிவ் எண்ணெய் சூட்டில் நஞ்சாகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் வகை ஏறத்தாழ 190 முதல் 210 டிகிரியில் புகையும். ஆனால் அதில் பெரும்பகுதி ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் என்பதால் சூட்டில் அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. கறியின் மேல் மெல்லியதாகத் தடவியது, கறியின் ஈரம் இருக்கும்வரை அந்தச் சூட்டை எட்டுவதும் இல்லை. சிக்கல் வேறிடத்தில்: ஊறவைத்த கிண்ணத்திலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்டத் தூக்கி வலையில் வைத்தால் அது தணலில் விழுந்து தீயாக எழும்பும். கம்பியைக் கிண்ண விளிம்பில் ஒருமுறை வழித்துவிட்டு வையுங்கள். விலை உயர்ந்த எண்ணெயைக் கடைசியில் பச்சையாக ஊற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் பற்றிய கேள்விக்கு நான் மருத்துவனல்ல என்பதை முன்வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்தது: இறைச்சி கடும் சூட்டில் கருகும்போதும், கொழுப்பு தணலில் விழுந்து எழும் புகை கறியில் படியும்போதும் சில சேர்மங்கள் உருவாகின்றன, ஆய்வகத்தில் விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது அவை புற்றுநோயை உண்டாக்கின. மாதம் ஒருமுறை மாடியில் சுட்டுச் சாப்பிடும் மனிதருக்கு எவ்வளவு ஆபத்து என்பது அப்படி உறுதியாக நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சிவப்பு இறைச்சியை 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தது. அது சுடுவதை மட்டும் வைத்துச் சொன்னதல்ல. தீ எழும்பவிடாமல், அடிக்கடி திருப்பி, கருகிய ஓரத்தை வெட்டி எறிந்து சாப்பிட்டால் அந்தச் சேர்மங்கள் குறைகின்றன. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'மத்தியதரைக் கடல் உணவு நல்லது' என்ற பேச்சுக்கு வித்திட்டது உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடி அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958இல் முறையாகத் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு. அதில் புகழ்பெற்ற கிரீட் தீவின் கிராமத்தார் காய்கறி, பருப்பு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் என்றே வாழ்ந்தவர்கள். கறி எப்போதாவது வருவது. தட்டு நிறையக் கபாபை அடுக்கிவிட்டு அந்தப் பெயரை ஒட்டுவது கடைக்காரர்கள் செய்த வேலை.

மழை நாளில் வீட்டுக்குள் கரி அடுப்பா? வேண்டாம். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, தலை சுற்றும்போது எழுந்து போகிற தெம்பையும் எடுத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. அணைந்ததாகத் தோன்றும் அடுப்பையும் உள்ளே கொண்டுவராதீர்கள். கங்கு முழுதாக ஆறும்வரை அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். மழை என்றால் இரும்புத் தோசைக்கல்லைப் புகையும்வரை காயவைத்து, கம்பியில் கோக்காமல் துண்டுகளைப் பரப்பிச் சுடுங்கள். புகை மணம் வராது. எலுமிச்சையும் எண்ணெயும் முக்கால் கிணறு தாண்டவைக்கும்.

அடுத்த ஞாயிறு எட்டுப் பேரைக் கூப்பிடாதீர்கள். அரைக் கிலோ தொடைக்கறி, நான்கு கம்பி, வீட்டார் மட்டும். பக்கத்தில் வைக்க, துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில், உப்புப் போட்டுப் பிழிந்த வெள்ளரித் துருவல், பூண்டு, காய்ந்த புதினா. கிரேக்கத்தில் இதன் உறவை ட்சட்சீக்கி என்பார்கள், சைப்ரஸில் தலத்தூரி. தயிர் தண்ணீராக இருந்தால் எல்லாம் தட்டில் ஓடும், அதனால் கட்டுவதை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். கறி இறங்கியதும் அடுப்பை அணைக்க வேண்டாம். இரண்டு பெரிய கத்தரிக்காயைக் காம்போடு குத்திவிட்டு, அந்தச் சாம்பல் பூத்த கங்கின் மேலேயே போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். நீங்கள் எழுந்து வரும்போது அவை தோல் கருகிச் சுருங்கி உட்கார்ந்திருக்கும்; தோலை உரித்து, எள் அரைத்த விழுது, பூண்டு, உப்பு, எலுமிச்சை சேர்த்து மசித்தால் மறுநாள் காலை ரொட்டிக்கு ஆகும்.